தோலும் மூட்டும்: கல்முனைக் கரையினின்று நோக்கிய ஒரு நோய் வரலாறு

ஈழத்தின் கீழ்க்கரையிலே, மட்டக்களப்புக்குத் தெற்கே, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்னும் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்கள் கடலோரமாக நிரல்பட அமைந்துள்ளன. இடையிடையே பாண்டிருப்பு, காரைதீவு முதலிய தமிழூர்கள் உள. 1961 ஆம் ஆண்டுவரை மட்டக்களப்பு மாவட்டத்துள் அடங்கியிருந்த இவ்வூர்கள் அவ்வாண்டு முதல் அம்பாறை மாவட்டத்தின்பாற் பட்டன. கிழக்கே கடல், மேற்கே நெல்வயல். உழவும் மீன்பிடியும் கைத்தறியும் வாணிகமும் இம்மக்களின் வாழ்வு. இத்தொழில்கள் யாவும் கைவிரலை நம்பியவை என்பது இக்கட்டுரையின் பொருளுக்கு ஓரளவு தொடர்புடையது.

இக்கரையிலே நோயுற்றார் நாடிச் செல்வதற்கு மூன்று வாயில்கள் இருந்துவந்தன. சித்த மருத்துவ மரபில் வந்த பரியாரியின் வீடு ஒன்று; அரபு மருத்துவ நூல்களின் வழிவந்து முஸ்லிம்களிடையே மதிப்புற்ற யூனானி மரபு மற்றொன்று; ஆங்கிலேயர் ஆட்சியோடு வந்த அரசினர் வைத்தியசாலை மூன்றாவது. இம்மூன்றும் தம்முள் வேறுபட்டன எனினும், ஒரு நோயைப் பொறுத்தமட்டில் மூன்றும் ஒரே வகையாகத் தவறின. அந்நோய் தோலைப் பற்றி, அதன்பின் மூட்டையும் பற்றுவது. தோலை ஒரு நோயாகவும் மூட்டை வேறொரு நோயாகவும் கொண்டு, ஒருவரையே இரு நோயாளராக எண்ணி மருந்து கொடுத்த காலம் மிக நீண்டது. ஐரோப்பாவிலும் அரபு நாட்டிலும் இந்தியாவிலும் அவ்வாறே நிகழ்ந்தது. அந்த நீண்ட காலத்தின் வரலாறே ஈண்டு ஆராயப்படுவது.

முதற்கண் நோயின் இயல்பைக் கூறுதல் வேண்டும். சொரியாசிஸ் என மேனாட்டாரும் காளாஞ்சகப் படை எனச் சித்த மருத்துவரும் வழங்குவதைச் செதிற்படை என எளிதாகக் கூறலாம். முழங்கை, முழங்கால், தலை, இடுப்பு ஆகிய இடங்களிலே சிவந்த தடிப்புகள் தோன்றி, அவற்றின்மேல் வெள்ளி போன்ற செதில்கள் அடுக்கடுக்காய் உதிரும். இது தொற்றுநோய் அன்று. உடலின் காப்புப் படையே தன் உடலின்மேற் பகை கொண்டதனால் விளைவது. தோல்மருத்துவரை நாடிவரும் இந்நோயாளருள் ஏறத்தாழப் பத்தில் மூவர்வரை மூட்டழற்சிக்கும் ஆளாகின்றனர். பெரும்பாலாரிடம் தோல்நோய் முந்தும். சில ஆண்டுகள், பலகால் பத்தாண்டும் கழிந்தபின், மூட்டு வீங்கும். நூற்றுக்குப் பதினைவர் அளவினரிடம் மூட்டே முந்திக்கொள்ளும். விரல்களின் நுனிமூட்டு, குதிகாலிலே தசைநாண் எலும்பைப் பற்றும் இடம், முள்ளந்தண்டின் அடிப்பகுதி ஆகியவை இந்நோய் விரும்பி உறையும் இடங்கள். சிலவேளை ஒரு விரல் மட்டும் அடிமுதல் நுனிவரை ஒருசேர வீங்கி வாழைப்பிஞ்சு போலத் தோன்றும். நகத்திலே ஊசியாற் குத்தியது போன்ற நுண்குழிகள் காணப்படும். இந்நகக் குழி சிறிதாயினும் பெரிதும் மதிக்கத்தக்க சாட்சி. நகமும் நுனிமூட்டும் மிக அணித்தாய் இணைந்துள்ளமையின், ஒன்றன் கேடு மற்றொன்றிலும் தோன்றுகின்றது.

இனி, பண்டைய நூல்கள் இதனை எங்ஙனம் கண்டன என்பதை நோக்குவோமாயின், பெயரின் குழப்பமே முதலில் எதிர்ப்படுகின்றது. வடமொழிச் சரக சங்கிதை குட்டத்தைப் பதினெட்டாக வகுத்து, ஏழினைப் பெருங்குட்டம் என்றும் பதினொன்றைச் சிறுகுட்டம் என்றும் கூறும். அச்சிறுகுட்டங்களுள் ஒன்று வியர்வையற்று, அகன்று பரந்து, மீனின் செதிலை ஒத்திருப்பது. அது செதிற்படையே என்பது பலர் துணிபு. தமிழ்ச் சித்தருள் யூகி முனிவர் பெயரால் வழங்கும் நூலும் குட்டத்தைப் பதினெட்டு என்றும் வாதத்தை எண்பது என்றும் தொகைப்படுத்தும். ஆகவே குட்டம் என்னும் சொல் அக்காலத்தில் தோல்நோய்ப் பெருங்குடும்பம் ஒன்றன் பெயராய் நின்றதேயன்றி, இன்று தொழுநோய் எனப்படும் ஒன்றை மட்டும் சுட்டியதன்று. பேச்சுவழக்கிலோ குட்டம் என்றால் ஒன்றே, அச்சமும் ஒன்றே. நூலோர் பதினெட்டாகப் பிரித்ததை ஊரார் ஒன்றாக்கினர். இவ்வாறாக, செதில் உதிரும் தோலை உடையவன் குட்டரோகி ஆனான். விரல் வீங்கியவன் வாதரோகி ஆனான். குற்றம் மூன்றனுள் வாதமே இரண்டுக்கும் அடியாகலாம் எனக் கொண்ட பரியாரிமார் இருந்திருத்தல் கூடும். ஆயினும் இரண்டையும் ஒருசேரப் பிணிக்கும் ஒரு தனிப்பெயரை அம்மரபு வகுத்திலது. பெயரில்லாத நோய்க்கு மருந்து தேடுவார் எவர்?

கிரேக்க மொழியில் நிகழ்ந்த குழப்பம் இதனினும் பெரிது. அம்மொழியிலே லெப்ரா என்பது செதில் உரியும் தோல்நோய்க்குப் பெயர். இன்றைய தொழுநோயைக் கிரேக்கர் யானைத்தோலுக்கு ஒப்பிட்டு எலபாந்தியாசிஸ் என்றனர். எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர், சடங்குத் தூய்மைக்கு ஊறு செய்யும் தோற்கறை எனப் பொருள்படும் எபிரேயச் சொல்லுக்கு நேராக லெப்ரா என்பதை இட்டனர். அரபு மருத்துவரோ தொழுநோயை ஜுதாம் எனத் தெளிவாகப் பிரித்தறிந்து எழுதினர். பதினோராம் நூற்றாண்டில் அரபு நூல்களை இலத்தீனிற் பெயர்த்த ஆபிரிக்கரான கொன்ஸ்தந்தீன், ஜுதாம் என்பதற்கு லெப்ரா என எழுதினார். இதனால் அரபு நூலில் கொடுநோயாகக் கூறப்பட்டதும், கிரேக்க நூலில் எளிய செதில்நோயாகக் கூறப்பட்டதும், வேதத்தில் தீட்டாகக் கூறப்பட்டதும் ஒரே சொல்லில் வந்து கலந்தன. ஒரு மொழிபெயர்ப்புச் சொல் மனிதரை ஊரினின்று விலக்கும் வலிமை பெற்றது! மத்திய கால ஐரோப்பாவின் தொழுநோயாளர் இல்லங்களில் அடைக்கப்பட்டோருள் செதிற்படையாளரும் இருந்திருப்பர் என வரலாற்றாசிரியர் கருதுவது இதுபற்றியே. அரபு மொழியில் செதிற்படையைச் சுட்ட இக்காலத்து வழங்கும் சதஃபிய்யா என்னும் சொல் சிப்பி எனும் பொருளுடைய சதஃப் என்பதன் அடியாகப் பிறந்தது. அழகும் பொருத்தமும் உடையதாய், எவரையும் அச்சுறுத்தாத அச்சொல் சில நூற்றாண்டுகள் முன்னரே பரவியிருக்குமாயின் எத்துணை நன்மை விளைந்திருக்கும்!

எலும்புகள் சொல்லைப்போல் மயங்குவதில்லை. யூதேயப் பாலைவனத்திலே கிறித்து சகாப்தம் ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த துறவிமடம் ஒன்றிற் கிடைத்த எலும்புக்கூடுகளை ஆராய்ந்து, அவற்றிலே செதிற்படை மூட்டழற்சியின் தடயங்கள் காணப்படுகின்றன என 1996 இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். நோயுற்றாரும் விலக்கப்பட்டாரும் மடங்களிற் புகலடைதல் அக்கால வழக்கு. தோலின் கறை மண்ணோடு மண்ணாயிற்று. மூட்டின் சிதைவோ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு கடந்தும் நின்றது. ஆகவே இந்நோய் புதுமையானதன்று. பிரித்தறியும் கண்ணே புதிது.

ஈழநாட்டுக்கு வருவோம். தொழுநோய் பற்றிய அச்சம் இங்கு அரசியற் கருவியாகவும் ஆயிற்று. ஒல்லாந்தர் ஆட்சியிலே, 1708 ஆம் ஆண்டில், கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் தொழுநோயாளர் வைத்தியசாலை எழுந்தது. ஆங்கிலேயர் 1901 ஆம் ஆண்டில் இயற்றிய தொழுநோயாளர் கட்டளைச் சட்டம் நோயாளரை வலிந்து பிரித்துவைக்கும் அதிகாரத்தை அரசினர்க்கு அளித்தது. பின்னர்க் கிழக்கு மாகாணத்திலே மட்டக்களப்பு வாவியின் நடுவே உள்ள மாந்தீவு என்னும் சிறுதீவு இந்நோயாளர்க்கு உரியதாயிற்று. கல்முனையினின்று மட்டக்களப்பு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். அதன்மேல் ஓடம் ஏறிச் செல்லவேண்டும். தூரத்தால் அது பெரிதன்று. ஆயின் மாந்தீவு என்னும் பெயர் ஓடத்தாற் கடக்கும் நீர்ப்பரப்பைவிட அகன்ற ஒரு பிரிவினைச் சுட்டியது. அத்தீவுக்குச் சென்றவன் மணவீட்டிலும் மையத்து வீட்டிலும் இடமற்றவன் ஆனான்.

அத்தகைய சட்டமும் அச்சமும் நிலவிய நாட்டிலே, தோலிற் கறையும் விரலிற் குறைபாடும் ஒருங்கே உடைய ஒருவனின் நிலை யாதாகும்? தொழுநோய் முதிர்ந்தவிடத்து விரல்கள் தேய்ந்து குறுகும். செதிற்படை மூட்டழற்சியிலும் அரிதாக ஒரு கொடிய வகை உண்டு. அதிலே விரலெலும்பின் நுனிகள் கரைந்து, தோல் மட்டும் மடிந்து, விரல் குறுகிப்போகும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுதல் கூடும். ஆயின் இரண்டையும் பிரிக்கும் சோதனை மிக எளியது. தொழுநோய் நரம்பைப் பற்றுவதாதலின் அதன் கறையில் உணர்ச்சி குன்றும், பஞ்சாலே தொட்டால் தெரியாது, தீப்பட்டாலும் நோகாது. செதிற்படையில் உணர்ச்சி முழுதும் உண்டு. அரிப்பும் எரிவும் அதற்குச் சான்று. தொழுநோயில் விரல் நோவின்றித் தேய்கின்றது. மூட்டழற்சியிலோ நோவோடு தேய்கின்றது. ஒரு துண்டுப் பஞ்சும் சற்றே பொறுமையும் போதும். மனிதனைத் தீவுக்கு அனுப்புவதா வீட்டுக்கு அனுப்புவதா என்பதை அத்துணைச் சிறு பொருள் தீர்மானிக்கத்தக்கதாயிருந்தது. கூட்டு மருந்து முறை 1980 களில் இலங்கைக்கு வந்தபின் தொழுநோய் மாத்திரையாற் குணமாகும் நோயாயிற்று. பிரித்துவைக்கும் தேவையும் ஒழிந்தது. ஆயினும் கீழ்க்கரையிலே புதிய தொழுநோயாளர் இன்றும் காணப்படுகின்றமையால், அந்தப் பஞ்சுக்குரிய வேலை இன்னும் முடிந்திலது.

மேனாட்டில் இவ்விருளை நீக்கியோர் ஒருவரல்லர். இலண்டன் மருத்துவரான இராபர்ட் வில்லன் 1808 இல் தோல்நோய்களை உருவ அடிப்படையில் வகைப்படுத்தி நூல் வெளியிட்டார். அவர் பணி பெரிது. ஆயினும் செதிற்படையின் ஒரு வகைக்கு லெப்ரா என்னும் பழம்பெயரையே வைத்துக்கொண்டமையால் மயக்கம் ஒழிந்திலது. வியன்னா நகரத்து ஃபெர்டினாந்து ஹெப்ரா 1841 இல் அப்பெயரை அகற்றினார். நோர்வே நாட்டு ஆமோர் ஹான்சன் 1873 இல் தொழுநோய்க் கிருமியைக் கண்டபின் இவ்விரண்டும் வெவ்வேறு என்பதில் ஐயத்துக்கு இடமில்லாது போயிற்று.

தோலும் மூட்டும் ஒன்றே என்னும் எண்ணம் பிரான்சிலே பிறந்தது. பாரிசு நகரத்து அலிபேர் 1818 இல் செதிற்படையாளர் சிலரிடம் மூட்டுநோயும் உண்மையைச் சுட்டினார். பாசென் 1860 இல் மூட்டுச் செதிற்படை என ஒரு பெயரே வகுத்தார். புர்தியோன் 1888 இல் இப்பொருள்பற்றியே ஆய்வேடு இயற்றினார். இவை நிகழ்ந்த காலத்திலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் தமிழிலே மேனாட்டு மருத்துவம் கற்பித்து, தமிழ் மருத்துவ நூல்களையும் வெளியிட்டுக்கொண்டிருந்தார். 1847 இல் வந்து 1873 இல் தாய்நாடு திரும்பிய அவரது தொண்டு ஈழத்தமிழர் மறக்கத்தக்கதன்று. ஆயினும் பாரிசிலே தோன்றிய கருத்து அக்கால ஆங்கில மருத்துவத்திலேயே வேரூன்றாதிருக்க, மானிப்பாய் வரை வந்து சேர்தல் எங்ஙனம்?

அக்கருத்து வேரூன்றாமைக்குக் காரணம் உண்டு. செதிற்படையும் பரவலான நோய். மூட்டுவாதமும் பரவலான நோய். இரண்டும் ஒருவரிடம் ஒருங்கே காணப்படின் அது தற்செயல் என மூட்டுமருத்துவர் கூறினர். அதனை மறுத்தற்குச் சான்று வேண்டியிருந்தது. அச்சான்றை அளித்தது குருதிச் சோதனை. 1940 இல் நோர்வேயைச் சேர்ந்த வாலரும், 1948 இல் அமெரிக்காவில் ரோசும் சகபாடிகளும், பொதுவான முடக்குவாதம் உடையோர் குருதியில் ஒரு தனிப்பொருள் காணப்படுவதை விளக்கினர். செதிற்படையோடு மூட்டுநோய் கொண்டோர் பெரும்பாலாரின் குருதியில் அப்பொருள் இல்லை. எனவே இவர்க்கு உற்றது வேறு நோய். இங்கிலாந்திலே லீட்ஸ் நகரத்து வெர்னா ரைட் என்பார் 1950 களில் நோயாளரை ஒருவர்பின் ஒருவராக ஆராய்ந்து எழுதிய கட்டுரைகள் இவ்வழக்கைப் பெரும்பாலும் முடித்துவைத்தன. அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கம் 1964 இல் இதனைத் தனிநோயாக ஏற்றது. மோலும் ரைட்டும் 1973 இல் இதனை ஐந்து வகையாக்கினர். அலிபேர் கூறியதற்கும் சங்கம் ஏற்றதற்கும் இடையே கழிந்தவை 146 ஆண்டுகள்.

மருந்தின் வரலாறோ இதனினும் வியப்புடையது. அதன் ஒரு நூல் சென்னையிலே தொடங்குகின்றது. ஆந்திர நாட்டுப் பீமவரத்திலே 1895 இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர். கதராடை உடுத்தமையால் ஆங்கில ஆசிரியரின் சினத்துக்கு ஆளானவர். சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஆசிரியராகவும் சிறிது காலம் பணியாற்றி, 1920 களின் முற்பகுதியில் அமெரிக்கா சென்றவர். அங்கே லெடர்லி ஆய்வுகூடத்தில் அவர் தலைமையின்கீழ் ஃபோலிக் அமிலமும், அதனை எதிர்க்கும் அமினோப்டரின் முதலிய பொருள்களும் ஆக்கப்பட்டன. 1948 இல் சிறாரின் குருதிப் புற்றுநோயைத் தற்காலிகமாயினும் தணித்த முதல் மருந்து அது. அவ்வாண்டு ஆகத்துத் திங்களிலே சுப்பாராவ் காலமானார். மூன்றாண்டு கழிந்து, 1951 இல், குப்னர் என்னும் அமெரிக்க மருத்துவரும் துணைவரும் அமினோப்டரினை முடக்குவாதத்துக்குக் கொடுத்துப் பார்த்தபோது, செதிற்படையும் உடையார் ஒருவரின் தோல் தெளிவடையக் கண்டனர். மூட்டுக்கெனக் கொடுத்தது தோலையும் குணப்படுத்திற்று! மருத்துவர் நூற்றாண்டுகளாகச் சேர்க்கத் தயங்கிய இரண்டையும் ஒரு மாத்திரை சேர்த்துவைத்தது. அமினோப்டரினைவிட ஏமமான மெதோட்ரெக்சேற் அதன் இடத்தைப் பெற்றது. 1964 இல் செதிற்படை மூட்டழற்சியாளர் 21 பேரிடம் நடத்தப்பட்ட ஒப்பீட்டுச் சோதனை தோல், மூட்டு இரண்டிலும் அதன் பயனைக் காட்டியது.

இதே காலத்தில் வேறொரு மருந்து மாறுபட்ட பாடம் புகட்டியது. 1949 இல் கோட்டிசோன் முடக்குவாதத்தைச் சில நாளிலே தணிப்பதை உலகம் கண்டு வியந்தது. அடுத்த ஆண்டே அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. நடக்கமுடியாதவன் நடந்தான். ஆயின் செதிற்படையாளர்க்கு அவ்வினத்து மருந்தை உட்கொள்ளக் கொடுத்துப் பின் திடீரென நிறுத்தும்போது, தோல்நோய் முன்னிலும் மூர்க்கமாய்க் கிளர்ந்து, சிலரிடம் சீழ்க்கொப்புளங்களாய் உடலெங்கும் பரவுதல் உண்டு. முழங்கால் வீக்கத்தை மட்டும் பார்த்து ஊசி ஏற்றி அனுப்புகின்றவர், சட்டைக்குள் இருக்கும் முழங்கையைப் பார்த்திலர். மலேரியாவுக்குக் கொடுக்கும் குளோரோகுயினும் சிலரிடம் செதிற்படையை மிகுவிக்கும். மலேரியா நீங்கிய நாடு என இலங்கை 2016 இல் அறிவிக்கப்படும்வரை கீழ்மாகாணம் அக்காய்ச்சலுக்கு நெடுங்காலம் இரையாகியிருந்தது. காய்ச்சல் நீக்கிய மாத்திரையே தோலைக் கிளர்த்தியதை உணராது, கடல்மீனையும் கத்தரிக்காயையும் குறைகூறியோர் அக்கரையில் சிலராயினும் இருந்திருத்தல் வேண்டும்.

மெதோட்ரெக்சேற் பற்றி இன்றியமையாத ஒரு செய்தியை இங்கே கூறாது விடுதல் தகாது. அது கிழமைக்கு ஒருநாள் மட்டும் உட்கொள்ளும் மருந்து. நாள்தோறும் உண்ணும் பிற மாத்திரைகளோடு கலந்து இதனையும் நாள்தோறும் விழுங்கி, குருதி அணுக்கள் அழிந்து உயிர்துறந்தோர் பல நாடுகளிலும் உளர். குறித்த ஒரு கிழமையை, வெள்ளியோ திங்களோ, சீட்டிலே பெரிதாக எழுதிக்கொடுத்தல் மருத்துவர் கடன். காலந்தோறும் குருதியையும் ஈரலையும் சோதிப்பித்தல் வேண்டும். கருவுற்ற பெண்டிர்க்கு இம்மருந்து ஆகாது. இதற்கு அடங்காதார்க்கு இந்நூற்றாண்டின் தொடக்கமுதல் உயிரியல் மருந்துகள் வந்துள்ளன. அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட புரதங்களைத் தடுத்து மூட்டின் அழிவையே நிறுத்தவல்லன அவை. விலையோ எளியார்க்கு எட்டாதது.

கல்முனைக் கரையிலே இந்நோயின் முகம் எவ்வாறு தோன்றும் என்பதை இவ்வளவும் அறிந்தபின் எண்ணிப் பார்த்தல் தகும். ஐவேளைத் தொழுகைக்கு முன் வுழூச் செய்கின்றவர் முகத்தையும், முழங்கை வரை கைகளையும், கரண்டை வரை கால்களையும் கழுவித் தலையையும் தடவுகின்றார். முழங்கை, தலை, நகம் என்னும் செதிற்படையின் இருப்பிடங்களே அவ்வேளையில் வெளிப்படுகின்றன. பள்ளிவாசலின் ஹவுழ் என்னும் நீர்த்தொட்டியைச் சுற்றிப் பலர் இருக்க, ஒருவர் மட்டும் வீட்டிலே கழுவி வருவாராயின் அதற்குக் காரணம் சோம்பல் அன்று. தொற்றாத நோய் என அறியாத அயலார் பார்வையே காரணம். இனி, தொழுகையின் நிலைகளோ மூட்டுக்களைச் சோதிப்பதற்கென்றே வகுத்தவை போல்வன. சுஜூதிலே முழங்காலும் கைவிரலும் நிலத்திற் படிகின்றன. இருப்பிலே வலப்பாதம் நிமிர்ந்து, அதன் விரல்கள் மடங்குகின்றன. குதிகாலும் கால்விரலும் அழற்சியுற்றவர்க்கு அவ்விருப்பு இயலாது. அழற்சி மூட்டுநோயின் இறுக்கம் விடியலில் மிக்கு, நடமாட நடமாடத் தளர்வது. எனவே சுபஹுத் தொழுகையிலே நாற்காலியை நாடுகின்றவர் அஸருத் தொழுகையில் நிலத்தில் இருக்க வல்லவராயின், அது முதுமையால் தேய்ந்த முழங்காலன்று என ஐயுறல் வேண்டும். தேய்வுநோய் உழைத்தபின் நோகும். அழற்சிநோயோ ஓய்ந்தபின் நோகும். விலையுயர்ந்த பொறி எதனையும் நாடாது, தொழுகை நேரத்தைக் கேட்டே மருத்துவர் இதனை உய்த்துணரலாம்.

மருதமுனைத் தறிகளிலே சாரமும் சேலையும் நெய்வோர்க்கு விரல்நுனியே முதல். அறுந்த இழையை முடிவதற்கு நுனிமூட்டு வளையவேண்டும். அம்மூட்டு வீங்கியவிடத்து அது வேலையின் களைப்பென்றே முதலிற் கொள்ளப்படும். பெண்டிரின் நகக் குழிகளை மருதோன்றிச் செம்மை மறைத்துவிடவும் கூடும். தலையிலே உள்ள படையை முக்காடு மறைக்கும். எனவே காட்டுமாறு கேட்டாலன்றித் தோற்றாத நோய் இது. காயம் பட்ட இடத்திலும் ஓயாது உராயும் இடத்திலும் செதிற்படை புதிதாய் முளைக்கும் என்பதை ஜெர்மானியரான கப்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டார். மனத்துயரும் அதிர்ச்சியும் இதனைக் கிளர்த்தும் என்பதும் அறிந்ததே. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஊர்களிலே வீட்டையும் உறவையும் வாரிச்சென்ற பின், துயர் தாங்கிய உடல்கள் எத்தனை வகையாகத் தம் துயரை வெளிப்படுத்தின என்பதை எவரே அளந்தார்?

வாயில்கள் இன்றும் மூடியிருக்கவில்லை. கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் உள்ளன; பரியாரியும் உளர். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயிலிட்டு வெயிலில் வைத்து, எண்ணெய் ஊதாநிறம் கொண்டபின் பூசுதல் சித்த மருத்துவத்தில் இன்றும் பெருவழக்கு. தோலின் வறட்சியையும் செதிலையும் அது தணித்தல் கூடும். அதனை இகழ்தல் வேண்டா. ஆயின் எலும்பை அரிக்கும் அழற்சியைப் பூச்சு எண்ணெய் எட்டாது. அரித்த எலும்பு திரும்ப வளர்வதுமில்லை. தோல் தெளிந்தது என மகிழ்ந்திருக்கும் ஈராண்டிலே விரல் வளைந்து நின்றுவிடுதல் உண்டு. பாஷாணம் சேர்ந்த மருந்துகளை அளவறியாது நெடுநாள் உண்பதும் கேடே. தாமஸ் பவுலர் 1786 இல் வெளியிட்ட பாஷாணக் கரைசலைச் செதிற்படைக்கு நூறாண்டுக்கு மேல் அருந்திய ஐரோப்பியர் பலர் பிற்காலத்தில் தோற்புற்றுக்கு ஆளாயினர்.

நோயின் பெயர் பற்றியும் ஒரு சொல். கலைச்சொல்லாக்கத்துக்கெனச் சென்னையில் 1936 இல் கூடிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் பிறந்தது சாய்ந்தமருதுக்குத் தெற்கே அடுத்துள்ள காரைதீவிலேதான். அக்கரையிலே இன்றும் இந்நோய்க்கு ஊரார் நாவில் அச்சமின்றி நடமாடும் ஒரு பெயர் நிலைபெற்றிலது. சொரியாசிஸ் என்றே மருந்துச்சீட்டைக் காட்டிச் சொல்கின்றனர். குட்டம் என்னும் சொல் அடுத்த வீட்டுத் திண்ணையில் காத்திருக்கின்றது.

இந்நோயைத் துணிதற்கு 2006 இல் பல நாட்டு மருத்துவர் கூடி வகுத்த அளவைகளிலே, நோயாளியின் தோலில் படை இல்லாவிடினும், அவருடைய பெற்றோர், உடன்பிறந்தார், பாட்டன் பாட்டி, மாமன், சிறியதாய் ஆகியோருள் எவர்க்கேனும் அது இருந்ததா என்பதும் ஒரு புள்ளி பெறும். நகக் குழிக்கு ஒரு புள்ளி. முழுவிரல் வீக்கத்துக்கு ஒரு புள்ளி. குருதியில் அம்முடக்குவாதப் பொருள் இன்மைக்கு ஒரு புள்ளி. அழற்சி மூட்டுநோய் உடையாரிடம் மூன்று சேரின் நோய் துணியப்படும். மூட்டே முந்தியவர்க்கு அந்தக் குடும்பச் செய்தி பெருந்துணை. கல்முனை, அக்கரைப்பற்றுப் பகுதிகளிலே குடி என்பது தாய்வழியாக வருவது. வீடு மகளுக்குச் சீதனமாகின்றது. தாயும் மகளிரும் ஒரே வளவிலும் அடுத்த வளவிலும் வாழ்கின்றனர். தாய்வழியில் யாருக்கு என்ன நோய் என்பதை இவ்வளவு நெருங்கி அறியக்கூடிய சமுதாயம் அரிது. அதே வளவிலே கலியாணப் பேச்சு நடக்கும்போது, பெரியதாயின் முழங்கைப் படை பேசப்படாத பொருளாகின்றது. வைத்தியர் கேட்கும்போது, உடன்வந்த தாய் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, எங்கள் குடியிலே அப்படி ஒருவருமில்லை என்கின்றாள்.